சிவப்புக் கோடும் அரை டின் டர்பன்டைனும்

அந்தச் சிவப்புக் கோடு எங்கள் வீட்டை இடிப்பதற்காகப் போட்டது என்று நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை, ஆதாரத்தோடு நம்பினேன். என்னைப் போன்ற ஆளுக்கு ஆதாரம் வேறு கிடைத்துவிட்டால் அதற்குப் பிறகு பிடித்து நிறுத்த யாராலும் முடியாது.

சிங்கப்பூரில், எழுபதுகளின் பிற்பாதி அது. ஜாலான் புசாருக்குப் பின்னால், பெரிய கால்வாயை ஒட்டிய சந்தில் ஆறு வீடுகள் ஒரே வரிசையாக நின்றன. மூன்றாவது வீட்டின் கீழ்த்தளத்தில் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். எனக்கு முப்பத்தெட்டு வயது. நடந்துபோகும் தூரத்தில் ஒரு சீனருடைய ஹார்ட்வேர் கடையில் வேலை. ஆணி, பெயின்ட், கயிறு, குழாய் என்று எது கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பேன். கண்ணைத் திறந்துகொண்டு செய்த காரியங்கள்தாம் சரியாக வராது. மனைவிக்கு மின்னணுத் தொழிற்சாலையில் பகல் வேலை.

எங்கள் சந்துக்கு ஒரு குணம் இருந்தது. மழை மட்டும் பெய்தால் கால்வாய் வழியாகத் தண்ணீர் கடலுக்குப் போய்விடும். கடல் மட்டும் ஏறினாலும் பாதகமில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் கால்வாய்த் தண்ணீருக்குப் போக்கிடம் இருக்காது. வந்த வழியே திரும்பி எங்கள் வீடுகளுக்குள் புகுந்துவிடும். முதலில் குசினியில், அதாவது சமையலறையில், சாக்கடையின் மூடி ‘களக் களக்’ என்று பேசத் தொடங்கும். அந்தச் சத்தம் கேட்டதும் ஆறு வீட்டிலும் தூக்கல் ஆரம்பமாகும். அரிசி மூட்டை கட்டிலுக்கு, ரேடியோ அலமாரி உச்சிக்கு, மண்ணெண்ணெய் அடுப்பு மேசைக்கு. எங்கள் வீட்டில் யார் எதைத் தூக்குவது என்று முறையே உண்டு. என் மனைவி பொருள்களைத் தூக்குவாள். நான் குரலைத் தூக்குவேன்.

வரிசையில் முதல் வீடு தையல்கார அக்காவுடையது. தனி ஆள். காலையில் மாதா கோயிலுக்குப் போய் வந்தால் அப்புறம் நாள் முழுக்க மிஷினில்தான் இருப்பார். பள்ளிச் சீருடை தைப்பதில் தேக்கா வட்டாரத்தில் அவருக்கு நல்ல பெயர். ஆனால் ஜனவரியில் பள்ளி திறக்கும். அதற்கான தையல் எல்லாம் நவம்பரிலும் டிசம்பரிலும். மழையும் கடலும் கைகோத்து வருவதும் அதே இரண்டு மாதங்களில். முந்தின வருஷம் வெள்ளைத் துணி ஒரு கட்டு முழுவதும் சேற்றுத் தண்ணீரில் நனைந்து டீ நிறத்துக்கு வந்துவிட்டது. எத்தனை முறை துவைத்தும் போகவில்லை. பிள்ளைகள் பழைய சட்டையோடு பள்ளிக்குப் போனார்கள். “இந்த வருஷமும் உள்ள வந்துச்சுன்னா மிஷினைக் குடுத்துட்டு குவீன்ஸ்டவுன்ல அண்ணன் வீட்டோட போயிடுவேன்” என்று அக்கா சொல்லியிருந்தார். அழுகையோ கோபமோ இல்லாமல், பஸ் நம்பர் சொல்வதுபோல் சொன்னார். அதனால்தான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

அக்டோபர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வருகிறேன். வீட்டு முன்னால் கடைவீதிகளில் இருப்பதுபோலக் கூரை போட்ட நடைபாதை உண்டு. அஞ்சடி என்போம். அஞ்சடித் தூண் ஒவ்வொன்றிலும் முழங்காலுக்கு மேலே ஒரு சிவப்புக் கோடு, பக்கத்தில் ஒரு எண். எங்கள் தூணில் மூன்று.

பார்த்ததுமே இடிக்கப் போகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். காரணம் உண்டு. என் மனைவியின் பெரியம்மா இருந்த கம்பத்தில், அதாவது பலகை வீட்டுக் கிராமத்தில், முதலில் இப்படித்தான் வீட்டுக்கு வீடு எண் எழுதினார்கள். கொஞ்ச காலம் கழித்துப் போய்ப் பார்த்தால் வீடுகளும் இல்லை, கம்பமும் இல்லை. பெரியம்மா அரசாங்க அடுக்குமாடி வீட்டில், பன்னிரண்டாவது மாடியில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு அது சொர்க்கம். எனக்கோ மின்தூக்கி என்றாலே பயம். அந்த வீட்டு விருந்துக்குப் பன்னிரண்டு மாடியும் படியேறிப் போய், சோற்றின் முன்னால் உட்கார்ந்தபின் கால் மணி நேரம் மூச்சு மட்டுமே விட்டுக்கொண்டிருந்த ஆள் நான்.

“கோடு போட்டவங்க என்ன சொன்னாங்கக்கா?” என்று அக்காவிடம் ஓடினேன்.

“தண்ணி எவ்வளவு உசரம் வந்துச்சுன்னு கேட்டாங்க தம்பி. தூண்ல கறை இருக்குல்ல, அதைக் காட்டினேன். அது மேல கோடு போட்டுட்டுப் போனாங்க. திரும்ப வருவாங்களாம்.”

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. நான்தான் தெளிவான பேச்சில் ஏமாறாத புத்திசாலி ஆயிற்றே.

“பாவம்க்கா நீங்க. வீட்டை இடிக்கப் போறோம்னு சொன்னா நாம வாயைத் திறப்போமா? அதான் தண்ணியப் பத்திக் கேக்குறாங்க.”

“அப்படியா சொல்றீங்க?”

“எனக்குத் தெரியாதாக்கா!”

என் மனைவி இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “ஆபீஸ்ல போய்க் கேட்டீங்களா?”

“கேட்டா உண்மையச் சொல்லுவாங்களா?”

“அப்ப நீங்க சொல்றதுதான் உண்மையா?” என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

இரண்டு நாள் யோசித்தேன். யோசிக்க யோசிக்க எனக்கு ஒன்று புலப்பட்டது. கோடு இருந்தால்தானே இடிப்பார்கள்? கோடு இல்லை என்றால் எந்த வீடு என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? இதை இப்போது எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. அன்று அது ராஜதந்திரமாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. மனைவி தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போனாள். எனக்கு வயிற்றுவலி என்று சொல்லியிருந்தேன். அக்கா பூசைக்குப் போயிருந்தார். கடையிலிருந்து கேட்டு வாங்கிவந்த அரை டின் டர்பன்டைனும் பழைய பனியனுமாக முதல் தூணில் ஆரம்பித்தேன். கோடு போகவில்லை, பரவியது. விரல் கனத்தில் இருந்த கோடு முழ அகலத்துக்கு ரோஜா நிறமாகப் பூத்துவிட்டது. இப்போது சந்து முனையிலிருந்து பார்த்தாலே தெரியும்.

வீட்டில் தீபாவளிக்கு வாங்கி வைத்த சுண்ணாம்பு இருந்தது. அவசரமாகக் கரைத்து அடித்தேன். ரோஜா மறைந்தது. ஆனால் பழுப்பேறிய வரிசையில் அந்த ஒரு தூண் மட்டும் பல் செட் வைத்ததுபோல் பளிச்சென்று நின்றது. வேறு வழியில்லை. ஆறு தூண்களையும் துடைத்தேன். ஆறுக்கும் அடித்தேன். தூணுக்குப் பக்கத்துச் சுவர் விகாரமாகத் தெரிந்ததால் சுவருக்கும் இடுப்புயரத்துக்கு அடித்தேன். பூசை முடிந்து அக்கா திரும்பியபோது நான் தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக நின்றுகொண்டிருந்தேன்.

“என்ன தம்பி, கிறிஸ்மஸ் எனக்குத்தானே? நீங்க வெள்ளையடிக்கிறீங்க!”

“வரிசை அழகா இருக்கணும்லாக்கா.”

“கோடு அடியில போயிடுச்சே.”

“வேணும்னா திரும்பப் போட்டுக்குவாங்க. பெயின்ட் என்ன தங்கமா?”

கடைசி வீட்டு மலாய்க்கார டிரைவர் ஒரு தட்டு நிறைய, மாவில் தோய்த்துப் பொரித்த வாழைப்பழப் பொரியல் கொண்டுவந்து கொடுத்து, இந்தச் சந்துக்கு உங்களைப்போல் ஒரு ஆள் வேண்டும் என்றார். சாப்பிட்டேன். பாராட்டையும் சேர்த்து.

அடுத்த புதன்கிழமை நான் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தபோது அக்கா மூச்சிரைக்க வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது.

“தம்பி, கோடு போட்டாங்கல்ல, அந்த ஆபீஸ்லேர்ந்து வந்திருக்காங்க.”

நான் பெயின்ட் டின்களுக்குப் பின்னால் குனிந்துவிட்டேன். என்னை அறியாமல் நடந்தது அது. எங்கள் சீன முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப்பார்த்து, “ஜாங்கான் தாக்குட் லா” என்றார், பயப்படாதே என்று. எதற்குப் பயம் என்று அவருக்குத் தெரியாது. எனக்குந்தான்.

“வீட்டை இடிக்கல்லாம் இல்ல தம்பி. வெளிய வாங்க. தண்ணி உள்ள வராம வாசலுக்குப் பலகை போட்டுத் தராங்களாம். இரும்புச் சட்டம், பலகை, ஆள் கூலி எல்லாம் அரசாங்க உதவி. கால்வாய்க்கரை முழுக்கக் குடுக்குறாங்களாம்.”

டின்களுக்கு மேலே என் தலை முளைத்தது. “நல்லதுதானேக்கா!”

“நம்ம வரிசைக்கு மட்டும் இல்லையாம்.”

“ஏன்?”

அக்கா என்னையே பார்த்தார். “தண்ணி வந்த அடையாளமே இல்லையாம்.”

நாங்கள் போனபோது வடிகால் வேலை பார்க்கும் அரசாங்க ஆபீஸிலிருந்து வந்த இளைஞர், எங்கள் வெள்ளைத் தூணின் முன்னால் குந்தியிருந்தார். தமிழ்ப் பிள்ளை, பெல்பாட்டம் ஓரமெல்லாம் சேறு. கையில் பலகையில் செருகிய தாள்கள்.

“அண்ணே, இங்க கோடு இருந்துச்சுல்ல? போன வாரம் வேற டீம் வந்து போட்டாங்களே. அதை அளந்து எழுதத்தான் நான் வந்தேன்.”

“இருந்துச்சு.”

“கோடும் இல்ல, கறையும் இல்ல. உள்ள பாத்தா உள்ளயும் சுத்தமா இருக்கு.” அது உண்மை. சேற்று நாற்றம் போகட்டும் என்று எல்லா வீட்டிலும் போன வருஷமே உள்ளே வெள்ளையடித்துவிட்டோம். வெளியே மட்டும்தான் கறை மிச்சம் இருந்தது. நான் வைக்கவில்லை. “சிங்கப்பூர்லயே காஞ்ச வரிசை இதுதான் போல. நான் என்னன்னு எழுதுறது? நாளைக்குப் பட்டியல் போகுது. இதுல விட்டா அடுத்த சுற்று மழைக்கு அப்புறம்தான்.”

மழைக்கு அப்புறம் என்றால் அக்காவின் மிஷின் குவீன்ஸ்டவுனில் கூட இருக்காது, யார் வீட்டிலோ இருக்கும். அக்கா கழுத்து நாடாவைச் சுருட்டினார், விரித்தார், மறுபடியும் சுருட்டினார். நான் ஒரு நிமிஷம், காற்றில் அழிந்திருக்கும், பூனை உரசியிருக்கும் என்று என்னென்னவோ தயார் செய்தேன். அந்த நாடாவைப் பார்த்தபின் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்.

“நான்தான் அழிச்சேன்” என்றேன்.

“எதை?”

“ஆறையும்.”

“எதுக்குண்ணே?”

சொன்னேன். பெரியம்மா, கம்பம், பன்னிரண்டாவது மாடி, மின்தூக்கி ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்த இளைஞர் தாள்களால் முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. டிரைவர் வாசலுக்கு வந்து கேட்டு, தன் வாழைப்பழப் பொரியலை நினைத்தவர்போல் தலையில் அடித்துக்கொண்டார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

“நான் தினமும் துணியில கோடு போடுறேன் தம்பி. வெட்டவும் செய்றேன். எல்லாம் தைக்கத்தானே? குப்பையில போடுறதுக்கா ஒருத்தன் குனிஞ்சு உக்காந்து கோடு போடுவான்?”

அக்கா திரும்பி, “தம்பி, உங்களுக்குத் தண்ணியோட அளவுதானே வேணும்?” என்று அந்த இளைஞரைக் கேட்டார். “அது என்கிட்ட இருக்கு.”

உள்ளே போய் அளவுப் புத்தகத்தை எடுத்துவந்தார். தையல்காரர்கள் வைத்திருக்கும் நீள நோட்டு. பக்கத்துக்கு ஒரு ஆள், தோள், மார்பு, கை நீளம், இடுப்பு. நடுவில் ஒரு பக்கத்தில் ஆள்பெயர் எழுதும் இடத்தில் ‘தண்ணி’ என்று எழுதியிருந்தது. கீழே தேதி தேதியாக உயரம் மட்டும். ஒவ்வொரு முறை தண்ணீர் ஏறி நின்றபோதும் கட்டிலில் உட்கார்ந்தபடி, வெட்டும் மேசையின் காலில் நாடாவை வைத்து அளந்திருக்கிறார். அஞ்சடியோடு ஒரே மட்டமான வீட்டுத் தரையிலிருந்து எவ்வளவு, அங்குலத்தில், அரைக்கால் அங்குலம்வரை.

“வர்றவங்க எல்லாருக்கும் அளவெடுப்பேன். இதுவும் வருஷம் தவறாம வருதே, எடுத்து வச்சேன்.”

இளைஞர் அந்தப் பக்கத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “எங்க ஆபீஸ்லயே இந்தச் சந்துக்கு இவ்வளவு விவரம் இல்லக்கா. அன்னிக்கே ஏன் காட்டல?”

“கறைதானே கேட்டாங்க. புஸ்தகம் கேக்கலியே.”

“இடுப்பளவு எடுக்கல போல?” என்றார் அவர், உதட்டைக் கடித்துக்கொண்டு.

“நின்னாத்தானே எடுக்க? உள்ள வந்தா ஓடிக்கிட்டே இருக்கும்.”

அப்போதுதான் அக்கா சிரித்தார்.

ஆனால் ஒரு சிக்கல். புத்தகத்தில் இருந்தது முதல் வீட்டு அளவு. ஆறு வீட்டுத் தரையும் ஒரே மட்டம் கிடையாது, எங்கள் வீடு கொஞ்சம் பள்ளம். மட்டம் பார்க்கும் கருவியோ வேறு சந்தில் இருந்தது. இங்கேதான் என் வாழ்நாளில் முதல்முறையாக எனக்குச் சரியான நேரத்தில் சரியான யோசனை வந்தது. கடைக்கு ஓடினேன். மேஸ்திரிகள் சுவருக்கு மட்டம் பார்க்க வாங்கிப்போகும் கண்ணாடிக் குழாய் இருக்கிறது. உள்ளே தண்ணீர் தெரியும் பிளாஸ்டிக் குழாய். தண்ணீர் நிரப்பி எவ்வளவு தூரம் இழுத்தாலும் இரண்டு முனையிலும் அது ஒரே மட்டத்தில் நிற்கும். முதலாளியிடம் கேட்டேன். அவர் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு, கடையை எதிர்க்கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தானே வந்துவிட்டார்.

அந்தப் பகல் எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. முதல் வீட்டுத் தூணில் அக்கா தன் நாடாவை வைத்து அளந்து, தையல் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டார். குழாயின் ஒரு முனையை அவரே அதில் பிடித்துக்கொண்டார். நடுவில் குழாய் மடங்காமல் ஆளுக்கு ஒரு இடத்தில் தாங்கினார்கள். முதலாளி, டிரைவர், இரண்டாம் வீட்டுச் சீனத் தாத்தா, ஐந்தாம் வீட்டிலிருந்து மாவு பிசைந்த கையோடு ஒரு அம்மா. மறுமுனை என் கையில். “கொஞ்சம் கீழ!” என்று தமிழில் ஒரு குரல், “நாய்க் சிக்கிட்!” என்று மேலே தூக்கச் சொல்லி மலாயில் ஒரு குரல். தண்ணீர் நடுங்கி நடுங்கி நிலைக்கும். நின்ற இடத்தில் இளைஞர் குந்தி உட்கார்ந்து சிவப்புக் கோடு போடுவார். என் சுண்ணாம்பின் மேல் அது முன்னைவிட நன்றாகத் தெரிந்தது. அதை நான் சொன்னேன். யாரும் பாராட்டவில்லை.

எனக்கு அந்தப் பிள்ளை குந்தியதுதான் பெருமையாக இருந்தது. எங்கள் சந்துக்குக் குப்பை வண்டி வருவதே பெரிய காரியம். அங்கே அரசாங்கத்திலிருந்து ஒரு ஆள் வந்து, ஒவ்வொரு வாசலிலும் குந்தி உட்கார்ந்து, இந்த வீட்டுக்குத் தண்ணீர் எவ்வளவு உயரம் என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறார். அவர் எழுதிக்கொண்டது எங்கள் அக்காவின் அளவை.

மறுநாள் பட்டியலில் எங்கள் வரிசை போனது. மூன்று வாரத்தில் ஆட்கள் வந்தார்கள். வாசல் நிலையின் இரு பக்கமும் இரும்புச் சட்டம் பதித்தார்கள். வீட்டுக்கு நான்கு பலகை, ஒன்றின் மேல் ஒன்றாக இறக்கினால் இடுக்கில் ரப்பர் அமுங்கும். குசினிச் சாக்கடைக்கு ஒரு மடல் மூடி வைத்தார்கள். உள்ளேயிருந்து தண்ணீர் போகும், வெளியேயிருந்து வராது. எங்கள் வீட்டு விருந்தாளிகள் இதற்கு நேர் எதிர்.

உதவிக்கு ஒரே ஒரு நிபந்தனை. பலகை போட வீட்டுக்கு ஒருவர் பெயர் கொடுக்க வேண்டும், மழைக்கு முன்னால் எல்லாரும் பழகிப் பார்க்க வேண்டும், வரிசைக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும்.

“நீங்கதாண்ணே” என்றார் இளைஞர் என்னிடம். “ஆறு வாசலையும் உங்க அளவுக்குத் தடவிப் பாத்தவங்க வேற யாரு இருக்கா?”

நான் பதவியேற்றேன். ஞாயிறு தோறும் விசில் ஊதிப் பயிற்சி நடத்தினேன். சீனத் தாத்தாதான் எப்போதும் முதலில் முடிப்பார். பொறுப்பாளர் வீடு எப்போதும் கடைசி. பக்கத்துச் சந்துக்காரர்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். “நீங்க எப்படி இவ்வளவு சீக்கிரம் போடுறீங்க?” என்று கேட்டவரிடம் என் மனைவி, “எங்க வீட்டுக்காரர் பண்ற சத்தம் நிக்கணும்னா சீக்கிரம் போட்டாகணும்” என்றாள்.

டிசம்பர் நடுவில் ஒரு பகல் வந்தது. கடல் ஏறும் நேரத்தை முதலாளியின் காலண்டரில் நான் முன்பே குறித்து வைத்திருந்தேன். அந்த நேரத்துக்குச் சரியாக வானம் கறுத்துக் கொட்டியது. ஓடினேன். விசிலைக் கடையிலேயே விட்டுவிட்டேன், அதனால் வாயாலேயே கத்தினேன். ஐந்து வாசலிலும் எனக்கு முன்னாலேயே பலகை இறங்கியிருந்தது. எங்கள் வாசலில் மேல் பலகையைக் கீழே போட்டு, அது உட்காராமல், எடுத்து மறுபடி போட்டு, விரலை நசுக்கிக்கொண்டேன். அப்புறம் அக்கா வாசலுக்கு ஓடிப் பலகைக்கு மேலே எட்டிப்பார்த்தேன்.

“அக்கா! மிஷினைத் தூக்குங்க!”

“எதுக்குத் தம்பி? காலர் பாதியில நிக்குது” என்றார், காலை மிதியிலிருந்து எடுக்காமல்.

“தண்ணி வருதுக்கா!”

“வரட்டும். அதுக்குத்தானே பலகை.”

நான் பலகையைத் தாண்டி வீட்டுக்குள் போய் அரிசி மூட்டையைக் கட்டிலில் ஏற்றி, அதன் பக்கத்தில் நானும் ஏறி உட்கார்ந்தேன்.

தண்ணீர் சந்தில் முழங்காலுக்கு மேல் ஏறி, பலகைகளுக்கு வெளியே இரண்டு மணி நேரம் நின்றது. கடல் இறங்கியதும் வடிந்தது. ஆறு வீடுகளில் எதற்குள்ளும் வரவில்லை. எங்கள் வாசலில் மட்டும் நான் சரியாக அழுத்தாத இடுக்கில் கசிந்ததை என் மனைவி வேலையிலிருந்து வந்து ஒரு துணியால் துடைத்தாள். ஜனவரியில் பள்ளி திறந்தபோது, அக்கா ஒப்புக்கொண்ட சீருடைகள் அத்தனையும் வெள்ளை வெளேரென்று பிள்ளைகளின் உடம்பில் இருந்தன. அக்கா குவீன்ஸ்டவுனுக்குப் போகவில்லை.